நத் ப்வே: பேய் திருவிழா இல்ல, சாமி கொடை

மியான்மர்ல மண்டலேக்கு வடக்க தவுங்ப்யோன்னு ஒரு கிராமம், வருஷா வருஷம் ஆகஸ்ட் வாக்குல அங்க நத்துங்கிற சாமிகளுக்கு எடுக்குற நத் ப்வேக்கு நாடு முழுக்க இருந்து ஜனம் திரளும். இதைப் போய் தமிழ்ல "பேய் திருவிழா", "ஆவி நடனம்"னு எழுதுறாங்க, என்னால ஏத்துக்கவே முடியல.

ப்வேன்னா விழா, கூத்து, ஜனம் கூடுற நிகழ்ச்சி எதுவும். நத் வந்து "நாத"ங்கிற சொல்லுல இருந்து வந்ததுன்னு பரவலா சொல்றாங்க, காக்கிறவன், தலைவன்னு அர்த்தம், நம்ம நாதனும் அதே வேர்தான் (இதை மறுக்கிற அறிஞர்களும் உண்டு). எப்படி பாத்தாலும் பேய்ங்கிற அர்த்தம் வரல.

அங்க முன்னாடி இருந்த பாகன் ராஜ்ஜியத்தோட ராஜா அனவ்ரதா (1044–1077) காலத்துல 37 நத்துன்னு பட்டியல் போட்டு இந்திரனை தலைவரா வச்சதா சொல்வாங்க. மத்தவங்க பெரும்பாலும் அநியாயமா, அகாலமா செத்தவங்க. தவுங்ப்யோன் அண்ணன் தம்பியையே எடுத்துக்குங்க, அப்பா இந்தியாவுல இருந்து வந்த முஸ்லிம் வீரர் ப்யத்தா, அம்மா போப்பா மலையில பூவையே தின்னு வாழ்ந்தவ, பகோடா கட்ட ஆளுக்கொரு செங்கல் வைக்கணும்னு ராஜா சொல்லியும் வைக்காம விட்டாங்கன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் கொன்னுட்டாங்க, அந்த செங்கல் இல்லாத இடத்தை சுவத்துல இப்பவும் காட்டுறாங்க. அப்பா முஸ்லிம்ங்கிறதால பக்தர்கள் இவங்களுக்காக பன்னிக்கறி தொடமாட்டாங்க.

கொலையில் உதித்த தெய்வங்கள்னு நம்ம நாட்டார் வழக்காற்றியல்ல ஒரு வகையே இருக்கு, மதுரை வீரன் அதுலதான் வர்றாரு. அதனால நத்துக்கு தெய்வம், ப்வேக்கு தென் மாவட்டத்துல கோயில் திருவிழாவுக்கு சொல்ற கொடை, இதுதான் சரியா பொருந்துது. 21 மேளத்தை வட்டமா அடுக்கின சைங் வைங் செட்டு முழங்க ஆட்டம் ஏறுறதும், குடிக்கு பேர்போன நத் கோ ஜீ ஜோ இறங்கினா சாராயம் படைக்கிறதும் கொடை பாத்தவங்களுக்கு விளக்கவே வேணாம்.

ஆடுறவங்களுக்கு நத் கடாவ்னு பேரு, திருநங்கைகள் நிறைய பேர். சாமியாடின்னு சொல்லலாம்தான், ஆனா கடாவ்னா பெரிய மனுஷனோட மனைவி, நிஜமாவே சடங்கு செஞ்சு நத்தை கல்யாணம் பண்ணிக்கிறாங்க, சாமியாடில அந்த உறவு விட்டுப்போகுது. கூவாகத்துல அரவானுக்கு கட்டின தாலியை மறுநாளே அறுத்துடுவாங்க, இங்க அப்படி இல்ல, அந்த பந்தம் தொடருது. அதனால இந்த ஒரு சொல்லை மட்டும் நத் கடாவ்னே எழுதிட்டு, பக்கத்துல "நத்தின் மனைவி"ன்னு போட்டுடலாம்.