சரத்துஸ்திர நெறி: சொல் விளக்கம்

பழைய ஈரானில் பிறந்த சமயம் இது. அகுர மஸ்தா என்ற ஒரே படைப்புக் கடவுளை வணங்கச் சொன்ன சரத்துஸ்திரரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

சரத்துஸ்திர என்பது இந்தச் சமயத்தின் மறைநூலான அவெஸ்தாவின் பழைய ஈரானிய மொழிப் பெயர். பின்பாதியான 'உஷ்த்ர' ஒட்டகத்தைக் குறிக்கும்; சமஸ்கிருதத்தில் 'உஷ்ட்ர'. முன்பாதிக்கு 'முதிய' என்றும் 'ஓட்டிச் செல்லும்' என்றும் இருவிதமாகப் பொருள் சொல்கிறார்கள். கிரேக்கர்கள் இந்தப் பெயரை 'சொரோஆஸ்ட்ரெஸ்' என்று திரித்தார்கள். அது ஆங்கிலம் வழியாக வந்து தமிழில் 'சொராஸ்திரியம்' ஆனது. இந்த வடிவத்தைத் தவிர்ப்பதே நல்லது. மதுரையிலும் சேலத்திலும் வாழும் சௌராஷ்டிர மக்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள இடம் தருகிறது; இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தச் சமயத்தார் தங்கள் நெறிக்கு வைத்த பழைய பெயர் 'மஸ்தயஸ்ன', அதாவது மஸ்தாவை வழிபடுதல். 'யஸ்ன' என்பதும் வேதத்தின் 'யஜ்ஞ' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. 'அகுர' நமக்குத் தெரிந்த 'அசுர' தான். ஆனால் அங்கே அதற்குத் தலைவன் என்று பொருள். ஆக, அகுர மஸ்தா என்றால் பேரறிவுத் தலைவன். ரிக் வேதமும் வருணனை அசுரன் என்று போற்றுகிறது. தேவர் என்ற சொல்லுக்கு இணையான 'தைவ' அவெஸ்தாவில் தீய சக்திகளுக்கு ஆகிவிட்டது.

அப்புறம், 'நெருப்பை வணங்குவோர்' என்று இவர்களை எழுதுவதை விட்டுவிட வேண்டும். நெருப்பு அவர்களுக்குக் கடவுள் அல்ல. கடவுளின் தூய்மைக்கும் 'அஷ' எனப்படும் உண்மைக்கும் அடையாளம். அதன்முன் நின்று மஸ்தாவைத் தொழுகிறார்கள். மூச்சுக்காற்று பட்டு மாசுபடக் கூடாது என்பதற்காக, குரு வெள்ளைத் துணியால் வாயை மூடிக்கொண்டே அதற்குச் சந்தனக் கட்டை இடுகிறார். 'ஆதஷ் பெஹ்ராம்' என்ற மிக உயர்ந்த நிலை நெருப்பை 16 இடத்து நெருப்புகளைத் தூய்மைப்படுத்தி ஒன்றாக்கி உருவாக்குகிறார்கள். மின்னல் மூட்டிய தீயும் குயவர் சூளைத் தீயும் சிதைத் தீயும்கூட அதில் சேரும். எதையும் தாழ்ந்தது என்று தள்ளாத இந்தச் சடங்கு எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. குஜராத்தின் உத்வாடாவில் இருப்பது இவ்வகை நெருப்பு. சென்னை ராயபுரத்தில் இவர்களுக்கு 1910இல் கட்டிய சிறிய கோயில் ஒன்று உண்டு.

'பார்சி மதம்' என்பதும் பொருந்தாது. பார்சி என்பது ஈரானிலிருந்து குஜராத்துக்கு வந்தவர்களின் வழியினரைக் குறிக்கும் பெயர். ஈரானிலேயே தங்கிவிட்டவர்கள் சர்தோஷ்திகள்.

சமயத்துக்குச் சரத்துஸ்திர நெறி, பின்பற்றுவோருக்குச் சரத்துஸ்திரியர், கோயிலுக்குத் தீக்கோயில் என்று எழுதலாம்.