கையைப் பிடித்து இழுத்து ஆட வைக்காதீர்கள்

அலுவலகக் கூட்டம் முடிகிறது. பாட்டு போடுகிறார்கள். "எல்லாரும் வாங்க, ஆடலாம்!" என்கிறார் மேலாளர். சுவரோரம் நிற்பவரைக் கையைப் பிடித்து நடுவில் இழுத்து விடுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே நெளிகிறார். ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார். மாலைக்குள் அது குழுவின் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நிகழ்ச்சி நிரலில் இதற்கு அச்சிட்டிருக்கும் பெயர்: நடனம் வழியே தலைமைப் பயிற்சி.

ஒன்றிரண்டு இடங்களில் நடந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப இதே புகார் வருகிறது. எங்களிடம் பயிற்சி கேட்டு வருபவர்களின் முதல் வாக்கியமும் ஏறக்குறைய ஒன்றுதான்: "எங்க ஆளுங்களுக்கு ரொம்பக் கூச்சம். கொஞ்சம் ஆட வச்சு அதை உடைச்சு விடுங்க."

தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். கூச்சம் ஒருவர் தனக்குப் போட்டுக்கொண்ட வேலி. எங்கே திறக்கலாம், யாரிடம் திறக்கலாம் என்பது அவர் முடிவு. நடுவில் இழுத்து விடப்பட்டவர் அன்று ஒன்றைத்தான் கற்றுக்கொள்கிறார்: இங்கே நான் வேண்டாம் என்றால் அதற்கு மதிப்பில்லை. அடுத்த வாரம் அதே மனிதர் கூட்டத்தில் எழுந்து, "இந்தத் தேதிக்குள் முடியாது சார்" என்று சொல்ல வேண்டிய கட்டம் வரும். சொல்ல மாட்டார். வேலை கெட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

அவர் சிரித்தாரே என்பீர்கள். தன் விடுப்பிலும் சம்பள உயர்விலும் கையெழுத்துப் போடுபவர் கையைப் பிடித்து இழுக்கும்போது வேறு என்ன செய்வார்? அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோர் முன்னாலும் "விருப்பம் இருந்தா மட்டும் வாங்க" என்று மேலதிகாரி சொன்னாலும் அது விருப்பம் ஆகாது. நன்றாக ஆடுபவர் நன்றாக வழிநடத்துவார் என்பதும் தவறு. முன்னால் வந்து ஆடுபவர் ஏற்கெனவே தயக்கம் இல்லாதவர். அவருக்கு நீங்கள் புதிதாக எதையும் கற்றுத் தரவில்லை.

அப்படியானால் நடனத்திலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? இருவர் சேர்ந்து அசையும்போது, வழிநடத்துபவர் முதலில் ஒரு குறிப்புக் கொடுக்கிறார். எடை ஒரு காலுக்கு மாறும், மூச்சு எழும். மற்றவர் அதை வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்து, பிறகுதான் அடி எடுத்து வைக்கிறார். இருவர் இணைந்து ஆடும் டாங்கோ நடனத்தில் அந்தக் காத்திருப்பு தவறினால் துணை நிலைகுலைவார். வேலையிலும் சொல்லி முடித்த மறுநொடியே ஓடத் தொடங்கும் தலைவர்கள் நிறையப் பேர். பேச்சில் இது மறைந்துவிடும். உடலில் 2 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இது இன்று முளைத்த யோசனையும் இல்லை. ருடால்ஃப் லாபான் (1879–1958) என்ற நடன ஆய்வாளர் 1940களில் இங்கிலாந்தில், எஃப். சி. லாரன்ஸ் என்ற நிர்வாக ஆலோசகரோடு சேர்ந்து தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்தார். எடை (எவ்வளவு அழுத்தம்), காலம் (எவ்வளவு விரைவு), வெளி (எந்தத் திசையில் கவனம்), ஓட்டம் (எவ்வளவு கட்டுப்பாடு) என்று அவர் வகுத்த அசைவின் நான்கு கூறுகளை இன்றும் பயன்படுத்துகிறோம். எப்போதும் விரைவாகவும் அழுத்தமாகவும் இயங்கும் மேலாளரிடம் அதே அறிவுறுத்தலை நிதானமாக நடந்தபடி சொல்லச் சொன்னால், குரலும் மாறுவது கேட்கும்.

தொடங்க ஏற்றது கண்ணாடிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே, ஒரு கை நீள இடைவெளியில். ஒருவர் அசைகிறார், மற்றவர் கண்ணாடியாகிறார். 2 நிமிடம். பிறகு மாறுங்கள், இன்னும் 2 நிமிடம். மூன்றாவதாக 3 நிமிடம், யாரும் தலைவர் இல்லை. கண்ணைப் பார்க்க வேண்டாம்; மார்பெலும்பின் மேல்பகுதியைப் பார்த்தால் கை, தோள், முழங்கால் எல்லாம் ஓரப்பார்வையில் விழும். கைவிரலைத் துரத்துபவர் எப்போதும் பின்தங்குவார். ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: பின்தொடர்பவர் தவறினால் பொறுப்பு வழிநடத்துபவருடையது, வேகத்தைக் குறைக்க வேண்டியவரும் அவர்தான். முதல் நிமிடத்தில் வித்தை காட்டுபவர்கள் இதைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள்.

அடுத்தது நான்கு பேர் சாய்சதுரமாக நிற்பது. எல்லோரும் ஒரே திசையை நோக்கி. முன்முனையில் இருப்பவர் மெதுவாக அசைய, மற்ற மூவரும் அப்படியே செய்கிறார்கள். அவர் உடலோடு வலப்பக்கம் திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள். இப்போது வலமுனையில் இருப்பவர் முன்னால் வந்துவிட்டார், தலைமையும் அவரிடம் போய்விட்டது. இதில் வழக்கமாக நடக்கும் தவறு, முன்னால் இருப்பவர் "வர்றாங்களா?" என்று கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பது. பின்னால் உள்ளவர்களும் கழுத்தைத் திருப்ப, யாரும் யாரையும் பார்க்காமல் போகிறார்கள். பொறுப்பைக் கொடுத்துவிட்டு எட்டி எட்டிப் பார்ப்பது குழுவை என்ன செய்யும் என்று இதற்குப் பிறகு விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, நடந்து நிற்பது. அறை முழுக்க எல்லோரும் நடக்கிறார்கள். யாராவது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், யாராவது நடந்தால் எல்லோரும் நடக்க வேண்டும். பேச்சில்லை. வெளியே ஒருவர் நின்று நொடிகளை எண்ணட்டும். மூத்தவர் நின்றதும் அறை சட்டென்று நிற்கிறதா? புதிதாகச் சேர்ந்தவர் நின்றபோது எத்தனை நொடி ஆனது? அந்த எண்ணை அப்படியே குழுவின் முன் வையுங்கள், பெயர் சொல்லாமல்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் எவ்வளவு நேரமோ, பேசுவதற்கும் அவ்வளவு நேரம் ஒதுக்குங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். "எந்த இடத்தில் பின்தொடர்வது கடினமானது, அப்போது எதிரில் இருந்தவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். மேலாளர் கடைசியில் பேசட்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதாக இருந்தால் அவர் வராமலே இருக்கலாம். வந்தால் வட்டத்துக்குள் வர வேண்டும்.

தரையைக் கவனியுங்கள், யாரும் கவனிப்பதில்லை. டைல்ஸில் சாக்ஸ் வழுக்கும். கார்ப்பெட்டில் ரப்பர் அடி ஷூ பிடித்துக்கொள்ளும், உடல் திரும்பும்போது முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். வெறுங்கால் அல்லது மெல்லிய அடி நல்லது. ஒரு பயிற்றுநருக்கு 16 பேருக்கு மேல் வேண்டாம். உடலைத் தளர்த்த முதல் 10 நிமிடம் கட்டாயம். பாடல் வரி இல்லாத இசை, சாதாரணக் குரலில் பேசினால் கேட்கும் அளவுக்கு. சாப்பிட்டவுடன் தொடங்காதீர்கள். முதல் நாளில் கண்ணைக் கட்டாதீர்கள். பின்னால் சாய்ந்து விழுந்து மற்றவர் பிடிக்கும் 'நம்பிக்கை' விளையாட்டை எந்த நாளிலும் செய்யாதீர்கள். பிடிக்கத் தவறினால் அடிபடுவது தலையும் முதுகும். தொடுதல் தேவையே இல்லை, இந்த மூன்று பயிற்சியிலும் யாரும் யாரையும் தொடுவதில்லை. படம் எடுக்கக் கூடாது, நினைவுக்காகக்கூட.

யாராவது கண் கலங்கினால் தோண்டாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், வெளியே போக வழி விடுங்கள். அசைவின் வழியே மனநலத்துக்கு உதவும் நடன அசைவுச் சிகிச்சை தனிப் படிப்பு, தனித் தொழில். அரைநாள் பயிற்சி நடத்துபவர் அந்த வேலையைக் கையில் எடுக்கக் கூடாது. ஒருவர் அசைவதை வைத்து "இவர் இப்படிப்பட்ட ஆள்" என்று குறிப்பெழுதி மதிப்பீட்டுக் கோப்பில் சேர்ப்பதும் கூடாது.

இரண்டு நாள் முன்னதாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இவ்வளவு எழுதினால் போதும்: "90 நிமிடப் பயிற்சி. நடப்பது, நிற்பது, மெதுவாகக் கை அசைப்பது மட்டும். நடனம் தெரிய வேண்டியதில்லை. அசைய விரும்பாதவர்கள் நேரம் பார்க்கலாம், கவனித்துச் சொல்லலாம், வராமலும் இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம்." இதை அனுப்பிய பிறகு, வர மாட்டேன் என்றவரை இருக்கைக்குத் தேடிப்போய், "சும்மா வாங்க, ஜாலியா இருக்கும்" என்று கூப்பிடாதீர்கள்.