பெரிய டிஷ் மழையை வெல்லுமா?

கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் என் அத்தை, மழை வருவதைத் தொலைக்காட்சியைப் பார்த்தே சொல்லிவிடுவார். நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் சதுரம் சதுரமாக உடையும். உடனே எழுந்து கொடியில் காயும் துணிகளை எடுக்கப் போவார். அவர் கடைசிச் சட்டையை மடிக்கும்போது ஓட்டுக் கூரையில் முதல் துளி விழும். பல ஆண்டுகளாக இப்படித்தான். சென்ற ஆண்டு ஒருநாள், "பக்கத்து வரிசையில் பெரிய டிஷ் மாட்டியிருக்கிறார்கள், நமக்கும் ஒன்று மாட்டிக்கொடு ஐயா" என்றார். கொஞ்சம் பொறுங்கள் அத்தை, முதலில் இருப்பதைப் பார்க்கிறேன் என்றேன். அன்று நான் பார்த்ததையும், அதன் பின்னால் இருக்கும் இயற்பியலையும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் நம் ஊரில் டிஷ்ஷின் அளவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அது எவ்வளவு துல்லியமாக நிற்கிறது என்பதைப் பேசுகிறவர் குறைவு.

மலேசியாவின் முதல் செயற்கைக்கோளான மீசாட்-1, 1996 ஜனவரியில் ஏவப்பட்டது. ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் ஒளிபரப்பும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. இன்று அதே இடத்தில் அதன் வழித்தோன்றல்கள் நிற்கின்றன. 2022 ஜூனில் போன மீசாட்-3டி அவற்றில் ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரம், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரி. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரத்துக்குச் சமம். அதனால் அது நம் கண்ணுக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றுகிறது. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் மேற்கே சற்றுத் தெற்குச் சாய்ந்து, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 77 டிகிரி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது. பினாங்கிலும் உயரம் அவ்வளவுதான். திசை மட்டும் இன்னும் கொஞ்சம் தெற்கே திரும்பும்.

அங்கிருந்து வரும் அலை நம் கூரையை அடையும்போது எவ்வளவு மெலிந்திருக்கும்? ஒரு வாட்டை லட்சம் கோடிக் கூறுகளாகப் பிரித்து அதில் சில கூறுகளை எடுத்தால், 60 சென்டிமீட்டர் டிஷ் திரட்டித் தரும் ஆற்றல் அதுதான். இந்தத் துளியை வைத்து அத்தனை அலைவரிசைகளும் தெளிவாக வருகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

டிஷ்ஷின் வளைவு பரவளையத்தின் ஒரு துண்டு. தொலைவிலிருந்து இணையாக வரும் அலைகள் எந்த இடத்தில் பட்டாலும், குவியத்தில் இருந்து அலையை வாங்கிப் பெருக்கிக் கீழே அனுப்பும் எல்.என்.பி. கருவிக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரும் என்பதே அந்த வடிவத்தின் சிறப்பு. பரப்பு கூடினால் திரளும் ஆற்றல் கூடும். 60 சென்டிமீட்டரை 90 ஆக்கினால் பரப்பு 2.25 மடங்கு; பொறியாளர் கணக்கில் 3.5 டெசிபல். (மூன்று டெசிபல் என்றால் இரு மடங்கு, பத்து என்றால் பத்து மடங்கு, இருபது என்றால் நூறு மடங்கு.) 120 சென்டிமீட்டர் என்றால் 6 டெசிபல்.

இதை மழையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டு டிஷ்கள் வாங்குவது கேயூ பட்டை அலைகள். 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் அவற்றின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் துளி புறக்கணிக்கத்தக்க அளவு சிறிதல்ல. அது அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கிறது. தூறலில் ஒரு கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூடப் போகாது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும்போது அது ஐந்து டெசிபலைத் தாண்டுகிறது. நம் பகுதியில் மேகத்துக்குள் மழைத்துளிகள் நாலைந்து கிலோமீட்டர் உயரம் வரை நிற்கும். பாதை முழுவதும் அப்படிக் கொட்டினால் இழப்பு 20 டெசிபலைத் தாண்டும். அலை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. 30 டிகிரியில் இருந்திருந்தால் மழைக்குள் பாதை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும்.

அத்தையின் மழைக்கணிப்புக்கும் காரணம் இதில் இருக்கிறது. 77 டிகிரியில் சாய்ந்து வரும் அலை, மேகத்தின் உயரத்தில் நம் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் மேற்கே இருக்கும். அங்கே மேலே கொட்டத் தொடங்கிய மழை செந்தூல் கூரைக்கு வருவதற்குள் அவருக்குச் சில நிமிடங்கள் கிடைத்துவிடுகின்றன.

மழை இன்னொரு வேலையும் செய்கிறது. தெளிந்த வானம் அலைவாங்கிக்கு மிகக் குளிர்ந்த பின்னணி. மழை மேகமோ அறை வெப்பநிலையை ஒட்டியது. அது தானே மெல்லிய ரேடியோ இரைச்சலை உமிழ்கிறது. அலை தேயும்போதே இரைச்சல் சில மடங்கு ஏறுகிறது. எல்.என்.பி. பெட்டியில் "0.1 டெசிபல் இரைச்சல்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கருவி எவ்வளவு அமைதியானாலும் கனமழையின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். கேபிளில் இடையே செருகும் பெருக்கிகளையும் அதே காரணத்தால் வாங்க வேண்டாம். எல்.என்.பி.யே அலையை லட்சம் மடங்குக்கு மேல் பெருக்கித்தான் கீழே அனுப்புகிறது. அதற்குப் பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

அப்படியானால் 3.5 டெசிபலால் என்ன பயன்? பயன் உண்டு. படம் சில நிமிடம் தாமதித்து உடையும், மழை தணியும்போது சில நிமிடம் முன்னதாகத் திரும்பும். நடுத்தர மழை பலவற்றில் உடையாமலே தப்பும். மாலை இடிமழையின் உச்சத்தில் மட்டும் 90 சென்டிமீட்டரும் தோற்கும். டிஜிட்டல் ஒளிபரப்பில் ஓர் எல்லை வரை படம் பழுதின்றி இருக்கும். அதற்குக் கீழே ஒரேயடியாகப் போய்விடும். எல்லைக்கு அருகில் நிற்கும் வீட்டுக்கு ஒரு டெசிபல்கூடப் பெரிய வேறுபாடு.

அந்த ஒரு டெசிபலை நாம் எங்கே இழக்கிறோம் என்பதுதான் அன்று என்னை ஏணியில் ஏற்றியது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. ஒரு டிகிரி விலகினால் 1.4 டெசிபல் போகும். ஒரு டிகிரி என்பது விளிம்பு ஒரு சென்டிமீட்டர் தாழ்வது, அவ்வளவே. டிஷ் பெரிதாகும்போது பார்வை குறுகும். 90 சென்டிமீட்டரில் அதே ஒரு டிகிரிப் பிழை 3.2 டெசிபலைத் தின்னும். 120 சென்டிமீட்டரில் ஐந்தரையைத் தாண்டும். பெரிய டிஷ்ஷைத் தளர்ந்த தாங்கியில் மாட்டினால், காசு கொடுத்து வாங்கிய பலனில் பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும். அதோடு பெரிய டிஷ் காற்றையும் அதிகம் வாங்கும்.

தட்டின் வடிவம் கெட்டாலும் இதே கதி. வளைவு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரை டெசிபல் இழப்பு. 60 சென்டிமீட்டரிலிருந்து 80க்குப் போனால் கிடைக்கும் ஆதாயமும் சரியாக அதே இரண்டரைதான். நெளிந்த 80, நேரான 60க்குச் சமம். பழைய பெரிய டிஷ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிறவர்கள், அதன் விளிம்பின் குறுக்கே இரண்டு நூல்களைக் கூட்டல் குறிபோல இழுத்துக் கட்டிப் பார்க்கட்டும். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டால் நல்லது. இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை மற்றொன்று அழுத்தினாலோ தட்டு முறுகியிருக்கிறது.

அத்தை வீட்டில் சுவருக்குள் செருகியிருந்த ஆணிப்பிடிகளில் ஒன்று தளர்ந்து, தாங்கி சாய்ந்திருந்தது. கண்ணால் பார்த்து நிமிர்த்த முடியாது. வீட்டு டிஷ்ஷில் எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்பதால், தட்டின் முகம் உண்மையான திசையைவிட இருபதுக்கு மேற்பட்ட டிகிரி தாழ்ந்து தெரியும். செயற்கைக்கோள் 77 டிகிரியில் இருக்க, தட்டு ஐம்பத்துச் சொச்சத்தைப் பார்ப்பதுபோல் நிற்கும். டிகோடரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் இரண்டு அளவுகளில் 'தரம்' என்பதை மட்டும் கவனித்தோம். 'வலிமை' இரைச்சலையும் சேர்த்து அளப்பது. அதை நம்பித் திருப்பக்கூடாது. அத்தை உள்ளிருந்து எண்ணைச் சொல்ல, நான் ஒரு மயிரிழை நகர்த்தி, சில விநாடி பொறுத்து, மீண்டும் நகர்த்தினேன். உச்சம் தாண்டி இறங்கும் வரை போய், இரு பக்கமும் ஒரே அளவு இறங்கும் நடுப்புள்ளியில் திருகை இறுக்கினேன்.

பிறகு கேபிள் முனையைக் கழற்றினேன். அதற்குமுன் டிகோடரை மின்சாரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், மேலே 13 அல்லது 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். செப்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, தண்ணீர் புகாத நாடாவைச் சுற்றினேன். எல்.என்.பி.யின் மூடி வெயிலில் வெடித்திருந்ததால் அதையும் மாற்றினோம். உள்ளே ஈரம் தங்கினால் மழை விட்ட பிறகும் படம் திரும்பாது. இடிச்சத்தம் கேட்கும் நாளில் இந்த வேலைகளில் எதையும் தொட வேண்டாம்.

டிஷ் அதே 60 சென்டிமீட்டர்தான். சிறு மழைகளில் இப்போது படம் உடைவதில்லை, பெருமழையில் உடைகிறது.

செப்டம்பர் கடைசி வாரத்தில் அத்தை மீண்டும் அழைத்தார். பிற்பகல் இரண்டு மணி, மேகமே இல்லை, படம் தடுமாறுகிறது என்றார். கோலாலம்பூருக்கு மார்ச் 19, செப்டம்பர் 24 ஆகிய நாள்களை ஒட்டி, அந்த நேரத்தில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சில நிமிடம் வந்து நிற்கும். அதன் இரைச்சலும் டிஷ்ஷுக்குள் கொட்டும். "வெளியே போய் டிஷ்ஷின் மேல் ஏதாவது நிழல் விழுகிறதா பாருங்கள் அத்தை" என்றேன். அந்த நிமிடத்தில் வெயில் வரும் வழியே அலை வரும் வழி. நிழல் விழும் இடத்தில் அலையும் தடைபடுகிறது என்று பொருள். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், பக்கத்து வீட்டு ரம்புத்தான் கிளை ஒன்றின் நிழல் மேல் விளிம்பைத் தொடுகிறது என்றார்.