ஸ்கேன் நார்மல் என்றால் மனநோய் இல்லை என்று அர்த்தமில்லை

போன வாரமும் அதே மாதிரி ஒரு ஃபைல். எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., கடைசியாகக் கண் ஆஸ்பத்திரியில் எடுத்த ஓ.சி.டி., அதாவது விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேன். "எல்லாம் நார்மல்தானே டாக்டர், அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்கிறார் அப்பா. மகனோ, தெருவில் போகிறவர்கள் தன்னைத்தான் வேவு பார்க்கிறார்கள் என்று ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி வைத்திருக்கிறான். ராத்திரி தூக்கம் போய் மாதக்கணக்காகிறது.

கண்ணை ஸ்கேன் செய்தால் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பித்தான் இந்த அலைச்சல். விழித்திரை மூளையின் நீட்சி. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அதன் நரம்பிழை அடுக்கு சராசரியாகச் சற்று மெலிந்திருப்பதை ஆய்வுகள் காட்டியது உண்மை. அந்தச் 'சராசரியாக' என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை! வித்தியாசம் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நோயே இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். சர்க்கரை நோயும் கண் அழுத்த நோயும்கூட அந்த அடுக்கை மெலியவைக்கும். ரிப்போர்ட்டில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் கண் நோய்க்காகப் போட்ட கணக்கு. எல்லாமே பச்சையாக இருந்தாலும் மனதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

மனநல மருத்துவத்தில் கருவியைப் பயன்படுத்தும் இடமும் உண்டு. ஜப்பானில் தலையில் தொப்பி மாட்டி, அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியால் மூளையின் முன்பகுதி ரத்த ஓட்டத்தை அளக்கிறார்கள். ஒரு எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் வார்த்தைகளை அடுக்கச் சொல்வார்கள். 2014-ல் அதற்கு அரசுக் காப்பீடும் வந்தது. ஆனால் மனச்சோர்வு அறிகுறிகள் ஏற்கெனவே இருப்பவரிடம், எந்த நோய் என்று பிரித்தறிய மருத்துவருக்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

நாங்களும் ஸ்கேன் எழுதுகிறோம். மூளைக் கட்டி மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க. நார்மல் என்றால் அது இல்லை என்று மட்டுமே பொருள்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டுமா? வீட்டில் பாருங்கள். தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, படிப்பு திடீரெனச் சரிவது, காரணமில்லாத சந்தேகம், தனியாகப் பேசிச் சிரிப்பது. இவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் வாருங்கள். சாக விரும்புவதாகச் சொன்னால் அன்றைக்கே வாருங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம். பிள்ளை வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் தயவுசெய்து நீங்கள் மட்டுமாவது வாருங்கள். எப்படி அழைத்து வருவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.