‘ரிக்ரெட்’ என்ற சொல்லும் நாம் எழுதும் ‘மன்னிப்பு’ம்

ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்பு, 2019 ஏப்ரல் 10 அன்று, அப்போதைய பிரித்தானியப் பிரதமர் தெரசா மே, பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரம் தொடங்கியபோது நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையில் எழுந்து ஒரு சிறு குறிப்பை வாசித்தார். 1919இல் நடந்தது பிரித்தானிய இந்திய வரலாற்றில் வெட்கக்கேடான வடு என்றும், நடந்ததற்கும் அதனால் விளைந்த துன்பத்துக்கும் ஆழ்ந்த ‘ரிக்ரெட்’ கொள்வதாகவும் அதில் கூறினார். அடுத்துப் பேசிய எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின், அங்கே உயிரிழந்தவர்களுக்கு உரியது முழுமையான, தெளிவான, ஐயத்துக்கு இடம் வைக்காத ‘அபாலஜி’ என்றார். இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே என்றால் கார்பின் அப்படிக் கேட்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே பிரதமர் சொன்னதை ‘மன்னிப்புக் கோரினார்’ என்று தமிழில் எழுதினால், அவர் கொடுக்க மறுத்த ஒன்றை அவர் பெயரில் நாமே கொடுத்தவர்கள் ஆகிறோம். கைதவறி எளிதில் நேரும் பிழை இது. விளைவோ எளிதானதன்று.

‘ரிக்ரெட்’ என்பது, ஒன்று நிகழ்ந்ததை எண்ணி மனம் வருந்துவது. அந்த நிகழ்வு என்னால் வந்ததா, பிறரால் வந்ததா, இயற்கையால் வந்ததா என்பதை அச்சொல் சொல்வதில்லை. மழையால் ஆட்டம் நின்றதற்கும் அதைச் சொல்லலாம். ஒரு படுகொலைக்கும் சொல்லலாம். தமிழில் இதற்கு இணையான வாசகம் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம்: தொலைக்காட்சியில் படம் நின்றுபோனால் திரையில் வந்து நிற்கும் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. அந்த அட்டை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. தடங்கல் யாருடைய தவறு என்றும் அது சொல்லவில்லை. வருத்தம் மட்டும் உண்டு; அதற்குப் பொறுப்பாளி இல்லை.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பழைய பிரெஞ்சில் ‘ரெக்ரெத்தேர்’ என்ற வினைக்கு, இறந்தவரை எண்ணிப் புலம்புதல் என்ற பொருள் இருந்தது. அதற்கும் முந்திய வேர் உறுதிப்படவில்லை. அழுதல் என்னும் பொருளுடைய ஒரு ஜெர்மானியச் சொல்லோடு அதை இணைத்துப் பார்ப்போர் உண்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இழப்புக்கு ஏங்குதல், நடந்ததற்கு வருந்துதல் என்று அதன் பொருள் விரிந்தது. இழவு வீட்டில் அழுபவர் எல்லாரும் அந்தச் சாவுக்குக் காரணமானவர் அல்லர். அந்த இயல்பு இன்றும் அச்சொல்லை விட்டுப் போகவில்லை.

அரசியலாளர்களுக்கு இச்சொல் ஏன் இவ்வளவு பயன்படுகிறது என்பதை 2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் காமன்ஸ் அவையில் ஆற்றிய உரை தெளிவாகக் காட்டுகிறது. 1950களில் கென்யாவில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சியை அடக்கியபோது காலனி நிர்வாகத்தின் கையில் கென்யர்கள் சித்திரவதைக்கு உள்ளானதைப் பிரித்தானிய அரசு ஏற்பதாக அவர் கூறினார். அக்கொடுமைகள் நிகழ்ந்தமைக்கு அரசு உளமார ‘ரிக்ரெட்’ கொள்கிறது என்றார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1 கோடியே 99 இலட்சம் பவுண்டு கொடுக்க உடன்பாடு ஆகியிருப்பதையும் அறிவித்தார். அதே உரையில், காலனி நிர்வாகத்தின் செயல்களுக்கு இன்றைய அரசும் வரி செலுத்துவோரும் சட்டப்படி பொறுப்பாக மாட்டார்கள் என்ற நிலைப்பாட்டைத் தொடர்ந்து வலியுறுத்துவதாகவும் சேர்த்துக்கொண்டார். வருத்தம் உண்டு, பணம் உண்டு, பொறுப்பு மட்டும் இல்லை. இம்மூன்றையும் ஒரே உரையில் முரண்படாமல் அமரவைக்க ‘ரிக்ரெட்’டால் முடிந்தது, ‘அபாலஜி’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்திருக்கும்.

அவ்வுரையின் வினையையும் கவனிக்க வேண்டும். கொடுமைகள் ‘நிகழ்ந்தமைக்கு’ வருந்துகிறது அரசு, ‘செய்தமைக்கு’ அன்று. மே சொன்னதும் அப்படியே: நடந்ததற்கு. நிகழ்தல், நடத்தல் ஆகிய வினைகளில் செய்தவர் யாரென்று சொல்லாமல் விட இடமுண்டு. ‘செய்தோம்’ என்ற வினையில் அந்த இடம் இல்லை. தமிழாக்கும்போது வாக்கியம் ஓட்டமாக வரவேண்டும் என்று ‘நிகழ்ந்த’ என்பதைச் ‘செய்த’ என மாற்றுபவர், தம்மை அறியாமலே ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தை எழுதிவிடுகிறார்.

சட்ட அச்சம் இதன் ஒரு பக்கம். ஜாலியன்வாலாபாக் குறித்து மே பேசியதற்கு முந்திய நாள் நடந்த விவாதத்தில், வெளியுறவுத் துறை இணை அமைச்சர் மார்க் ஃபீல்ட், கடந்தகால நிகழ்வுகளுக்கு மன்னிப்புக் கோரத் தமக்குத் தயக்கம் உண்டு என்றும், அவ்வாறு கோருவதால் நிதி சார்ந்த விளைவுகள் வரலாம் என்ற கவலை அரசுத் துறைகளுக்கு இருப்பதாகவும் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மன்னிப்புக் கோருவது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று கூறுகிறது. ஸ்காட்லாந்து 2016இல் மன்னிப்புக் கோரலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் இவ்வளவு வழிவிட்ட பின்னும் அமைச்சர்கள் தயங்குவதற்குச் சட்டத்தை மட்டும் காரணமாகக் கொள்ள முடியவில்லை. ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டால் அடுத்ததற்கும் கேட்க வேண்டி வரும் என்ற எண்ணமும் உள்ளே இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். 2013இல் அமிர்தசரஸ் சென்ற டேவிட் கேமரன், அங்கே நடந்தது ஆழ்ந்த வெட்கத்துக்குரியது என்று வருகைப் பதிவேட்டில் எழுதினார். ஆனால் வரலாற்றுக்குள் கை நீட்டி மன்னிப்புக் கேட்கத் தக்கவற்றைத் தேடுவது சரியான வழியாகத் தமக்குத் தோன்றவில்லை என்று செய்தியாளர்களிடம் விளக்கினார்.

இனி ‘அபாலஜி’. கிரேக்கத்தில் ‘அப்போலொகியா’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்தை எடுத்துரைக்கும் தற்காப்பு உரை. கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரட்டீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலுக்கு அதுவே பெயர். அந்நூலில் சாக்ரட்டீஸ் எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் தற்காப்பு என்ற பொருளே முன்னின்றது. தவற்றை ஏற்று வருந்துதல் என்ற பொருள் பின்னர் வந்து முதற்பொருளைத் தள்ளிவிட்டது. முற்றிலும் தள்ளவில்லை என்று எண்ணவைக்கும் உரைகளும் உண்டு. 2022 ஜனவரி 12 அன்று போரிஸ் ஜான்சன், பொதுமுடக்கக் காலத்தில் பிரதமர் இல்லத் தோட்டத்தில் நடந்த கூடுகைக்காகக் காமன்ஸ் அவையில் மன்னிப்புக் கோரினார். அதே மூச்சில், 2020 மே 20 மாலை 6 மணிக்குப் பிறகு ஊழியர்களுக்கு நன்றி சொல்லத் தோட்டத்துக்குச் சென்றதாகவும், 25 நிமிடத்தில் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டதாகவும், அதைப் பணி நிகழ்ச்சி என்றே உள்ளூர நம்பியதாகவும் விளக்கினார். முதல் வாக்கியம் இன்றைய ‘அபாலஜி’. மற்றவை பழைய ‘அப்போலொகியா’.

‘சாரி’ இவ்விரண்டிலிருந்தும் வேறான குடும்பம். பழைய ஆங்கிலத்தில் ‘சார்’ என்றால் வலி, புண். அதிலிருந்து வந்த ‘சாரிக்’ என்பதற்கு நொந்திருப்பவர் என்று பொருள். துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’வும் இதுவும் ஒலியில் நெருங்கியிருந்தாலும் வேர் வேறு. தமிழின் ‘நோ’, ‘நொந்துகொள்’ என்பனவற்றின் உணர்வுக்கு அருகில் நிற்பது இதுவே. இச்சொல் மன்னிப்புக் கோரலாக நிற்குமா, வெறும் அனுதாபமாக நிற்குமா என்பதை உடன்வரும் சொற்களே முடிவு செய்கின்றன.

அதற்கு 2010 ஜூன் 15 நல்ல சான்று. வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30 அன்று, ஊர்வலம் சென்ற மக்களைப் பிரித்தானியப் படைவீரர்கள் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமுற்ற இன்னொருவர் பின்னர் இறந்தார். அதை விசாரித்து அவ்வாண்டே வந்த விட்ஜரி அறிக்கை படையினர் மீதான பழியைப் பெரும்பாலும் துடைத்தது. 1998இல் நீதிபதி சாவில் பிரபுவின் தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை 12 ஆண்டு கழித்துத் தன் முடிவைத் தந்தபோது, புதிதாகப் பிரதமராகியிருந்த கேமரன் நாடாளுமன்றத்தில் பேச, டெரியின் கில்ட்ஹால் சதுக்கத்தில் பெருந்திரையில் மக்கள் அதைக் கேட்டனர். நடந்தது நியாயமற்றது, எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதது, அது தவறு என்று முதலில் கூறினார் கேமரன். அரசின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் தாம் ஆழ்ந்த ‘சாரி’ என்றார் பிறகு. அன்று அச்சதுக்கத்தில் பழைய விட்ஜரி அறிக்கையின் படி ஒன்றைக் கிழித்தெறிந்தார்கள். ‘சாரி’ என்ற எளிய சொல் அங்கே மன்னிப்புக் கோரலாக நின்றதற்குக் காரணம், அதற்கு முன்னே ‘அது தவறு’ என்ற வாக்கியமும் ‘சார்பில்’ என்ற பொறுப்பேற்பும் நின்றதுதான். இதை ‘மன்னிப்புக் கோரினார்’ என்று தமிழில் தயங்காமல் எழுதலாம்.

இப்போது தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘ரிக்ரெட்’டுக்கு அன்றாடச் செய்தித் தமிழில் ‘வருத்தம் தெரிவித்தல்’ பொருத்தமாகவே நிற்கிறது. ஆனால் இதைவிட நுட்பமான சொல்லும் நம்மிடம் உண்டு. ‘இரங்குதல்’ என்பது ஒருகாலத்தில் நடந்ததை எண்ணி மனம் நைதலைக் குறித்தது. நெய்தல் திணையின் உரிப்பொருளாகத் தொல்காப்பியம் சொல்வதும் இரங்கலையே. ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்ற குறளில், என்ன செய்துவிட்டோம் என்று பின்னால் நினைத்து வருந்தும்படியான செயல்களைச் செய்யாதே என்ற பொருளில் அது வருகிறது. அதே குறளின் பிற்பகுதியை, செய்துவிட்டால் மீண்டும் அப்படிச் செய்யாதே என்று உரை கொள்வாரும், செய்துவிட்டால் பின்னர் உட்கார்ந்து இரங்காதே என்று உரை கொள்வாரும் உண்டு. இன்று ‘இரங்கல்’ பெரும்பாலும் சாவுச் செய்திக்கே உரியதாகிவிட்டது. பிரெஞ்சுச் சொல் இறந்தவர்க்கான புலம்பலில் தொடங்கி நடந்ததற்கான வருத்தத்துக்கு வந்தது; நம் சொல் நடந்ததற்கான வருத்தத்தையும் குறித்திருந்து, இப்போது இறந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. இரண்டும் எதிர்த்திசையில் ஒரே பாதையைக் கடந்திருக்கின்றன என்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

‘கழிவிரக்கம்’ என்ற சொல்லை மீட்டால் நலம். கழிந்ததற்கு இரங்குதல் என்பதே அதன் நேர்ப்பொருள். ‘ரிக்ரெட்’டின் பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் இல்லை. ஆனால் தன்னைத் தானே நொந்துகொண்டு தன்மீது இரங்குவதற்கே இன்று பலர் அதைப் பயன்படுத்துவதால், செய்தித் தலைப்பில் ‘பிரதமர் கழிவிரக்கம்’ என்று எழுதினால் தவறாகவே படிக்கப்படும். கட்டுரைகளிலும் வரலாற்று எழுத்திலும் அதை உரிய பொருளில் கையாளத் தொடங்கலாம். தலைப்புக்கு ‘வருத்தம்’ போதும்.

‘மன்னிப்பு’ வேறு வகைச் சிக்கலைத் தருகிறது. ஆங்கிலத்தில் ‘அபாலஜி’ தவறு செய்தவரின் செயல். தமிழில் மன்னிப்பு என்பது தவற்றுக்கு ஆளானவர் தருவது. தவறு செய்தவர் அதைக் கோரத்தான் முடியும். தெலுங்கின் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தின் ‘மன்னிசு’ ஆகிய வினைகள் மதித்தல், மன்னித்தல் என்னும் இரு பொருளிலும் வழங்குவதைப் பார்த்தால், கொடுப்பவரின் பெருமை இச்சொல்லில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது புரியும். ‘பொறுத்தல்’ என்ற பழஞ்சொல்லும் அப்படியே. ‘பொறுத்தருள்க’ என்று வேண்டலாம், பொறுப்பது எதிரே இருப்பவர் கையில். ஆகவே ‘அபாலஜி’க்கு வெறும் ‘மன்னிப்பு’ என்பது அரைச் சொல். ‘மன்னிப்புக் கோரல்’ என்பதே முழுச் சொல். பிழையை ஏற்கும் பகுதி முதன்மையாக இருக்கும் இடத்தில் ‘பிழையேற்று மன்னிப்புக் கோரல்’ என்று விரித்தும் எழுதலாம்.

அரைச் சொல்லால் என்ன நேரும் என்பதற்குக் கணித மேதை ஆலன் டூரிங்கின் கதையே போதும். தன்பால் உறவுக்காக 1952இல் தண்டிக்கப்பட்டு 1954இல் இறந்தவர் அவர். 2009 செப்டம்பரில் பிரதமர் கார்டன் பிரவுன், அவரை அரசு நடத்திய விதம் கொடியது என்று கூறி அரசின் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கோரினார். 2013 டிசம்பர் 24 அன்று, சட்ட அமைச்சர் கிறிஸ் கிரேலிங்கின் வேண்டுகோளை ஏற்று, அரசி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். முதலாவதில் தவறு அரசுடையது. இரண்டாவதில், குற்றவாளியாக எழுதப்பட்டவரை அரசு மன்னிக்கிறது. மன்னிக்க அங்கே என்ன குற்றம் இருந்தது என்று பலர் கேட்டதும் அதனால்தான். தமிழில் இரண்டுக்கும் ‘டூரிங் மன்னிப்பு’ என்று தலைப்பிட்டால் வேறுபாடு அழிந்துவிடும். வேற்றுமை உருபு ஒன்றே அதைக் காப்பாற்றும்: முதலாவது டூரிங்கிடம் மன்னிப்பு, இரண்டாவது டூரிங்குக்கு மன்னிப்பு. தலைப்பில் இடம் குறைவு என்று உருபைத் தொகுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தச் சொல்லருகே மட்டும் அதைத் தொகுக்கக் கூடாது.

2024 மே 20 அன்று, தொற்றுள்ள குருதி ஏற்றப்பட்டு நோயாளிகள் பாதிக்கப்பட்டது பற்றிய விசாரணையின் அறிக்கை வந்த நாளில், ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் இது பிரித்தானிய அரசுக்கு வெட்கத்தின் நாள் என்று கூறி, முழுமனத்துடன், மழுப்பல் ஏதுமின்றி ‘அபாலஜி’ செய்தார்: அதைப் ‘பிழையேற்று மன்னிப்புக் கோரினார்’ என எழுதலாம். அதற்குச் சில மாதம் முன்பு, 2023 அக்டோபர் 31 அன்று, நைரோபியில் நடந்த அரசு விருந்தில் மன்னர் சார்லஸ், கென்யர்கள் மீது நிகழ்த்தப்பட்ட வன்செயல்களுக்கு எந்தச் சாக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, பெருந்துயரையும் ஆழ்ந்த ‘ரிக்ரெட்’டையும் வெளியிட்டார். அரசியலமைப்பு மரபுப்படி இத்தகைய உரைகளில் மன்னர் அமைச்சர்களின் அறிவுரைப்படியே பேசுகிறார் என்பதால், 2013இல் ஹேக் நின்ற கோட்டிலேயே அவ்வுரையும் நின்றது. அதைத் தமிழில் ‘பெருந்துயரும் ஆழ்ந்த வருத்தமும் தெரிவித்தார், மன்னிப்புக் கோரவில்லை’ என்று இரண்டு வாக்கியமாக எழுத வேண்டும். இரண்டாவது வாக்கியம் அவர் வாயிலிருந்து வராதது. ஆனால் அதை எதிர்பார்த்து அங்கே காத்திருந்த கென்யர்களுக்கு அன்றைய செய்தி அதுதான்.