கொழும்புப் பால்தேநீரும் மட்டக்களப்பு மேய்ச்சல் தரையும்

வெள்ளவத்தைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்தில் இருந்து வருகிறது. அந்நாட்டுப் புல்தான் கடல்தாண்டி நம் கோப்பைக்கு வந்து சேர்கிறது. அந்தப் புல்லை நாமே அவித்துத் தின்றாலும் நமக்குப் பலன் இல்லை. செலுலோசை உடைக்கும் நொதியம் மனித உடலில் கிடையாது.

மாட்டின் உடலிலும் கிடையாது. வேலையெல்லாம் நடப்பது அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளால்தான். வளர்ந்த பசுவில் இந்த இரைப்பை 100 லீற்றருக்கும் மேல் கொள்ளும். உள்ளே 39 பாகை செல்சியஸ் வெப்பம்; ஒட்சிசன் ஏறக்குறைய இல்லை. தோசைமா புளிக்கும் சட்டியைப் போல இரவும் பகலும் அங்கே நொதித்தல் நடக்கிறது. பற்றீரியாக்களும் பங்கசுகளும் நாரை உடைத்து அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. இரைப்பைச் சுவர் அவற்றை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. மாட்டுக்குத் தேவையான சக்தியில் சுமார் 70 வீதம் இந்த அமிலங்களில் இருந்தே கிடைக்கிறது. பாலின் கொழுப்பில் ஒரு பங்கு அசற்றிக் அமிலத்தில் இருந்து உருவாகிறது. பாலின் வெல்லத்துக்கு வேண்டிய குளுக்கோசைப் புரொப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு ஈரல் செய்து கொடுக்கிறது.

இதைவிட வியப்பானது அடுத்த கட்டம். பெருகிய நுண்ணங்கிகள் உணவோடு சேர்ந்து நாலாம் இரைப்பைக்குப் போய் அங்கே தாமே செரிக்கப்படுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு அவற்றின் உடல்தான். அந்த நுண்ணங்கிகளுக்குப் புரதம் கட்ட நைதரசன் கிடைத்தால் போதும். அது யூரியாவாக இருந்தாலும் சரி. அதனால்தான் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் சில வாரம் மூடி வைத்துத் தீனியாக்கும் முறை வந்தது. அளவு மீறினால் யூரியா மாட்டைக் கொன்றுவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் நாட்டில் இந்த முறை இன்னும் பரவ வேண்டும்.

கோயில் மாட்டுக்குப் புக்கையும் சோறும் அள்ளி வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாப்பொருள் திடீரென்று அதிகமானால் இரைப்பையில் இலற்றிக் அமிலம் பெருகி மாடு விழுந்துவிடும், உயிர்கூடப் போகலாம். ஒரு கட்டு அகத்தியோ புல்லோ வாங்கிக் கொடுங்கள்.

நொதித்தலில் பிறக்கும் ஐதரசனை ஆர்க்கியா என்ற நுண்ணங்கிகள் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதேன் ஆக்குகின்றன. மாடு அதை ஏப்பமாக வெளியேற்றுகிறது. புவி வெப்பமாவதில் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு. தீனி நல்லதாக இருந்தால் ஒரு லீற்றர் பாலுக்கு வெளியேறும் மெதேன் குறையும்.

பண்ணையில் மாட்டின் மற்ற வேலை சத்துகளைச் சுமப்பது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, மாட்டெரு அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று பலர் நம்பினார்கள். ஒரு 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பச்சைச் சாணத்தில் நைதரசன் ஏறக்குறைய அரை வீதம். ஆகவே அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக நாலரை தொன்னுக்கும் மேல் சாணம் வேண்டும். அதிலும் முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. மாடு நைதரசனை உண்டாக்குவதில்லை. தின்றதில் இருந்ததைத்தான் திருப்பித் தருகிறது. காற்றில் இருந்து நைதரசனைப் பிடிப்பது வேலியில் நிற்கும் கிளிசரிடியாவின் வேரில் வாழும் பற்றீரியா. அந்தக் குழையை மாடு தின்னும்போதுதான் வேலியின் சத்து தோட்டத்துக்குப் போகிறது. மூத்திரத்திலும் நிறைய நைதரசன் உண்டு. பட்டியில் வைக்கோல் பரப்பாவிட்டால் அது அமோனியாவாகப் பறந்துவிடும்.

மட்டக்களப்பில் இந்தச் சுமப்பு பெரிய அளவில் நடக்கிறது. பெரும்போக விதைப்புக் காலத்தில் மாடுகள் வயலை விட்டு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்குப் போகும். அறுவடைக்குப் பிறகு திரும்பி வந்து, வயலில் நிற்கும் அரிதாளை மேய்ந்து சாணத்தை அங்கேயே விடும். அந்தத் தரைக்காக 2023 முதல் பண்ணையாளர்கள் போராடி வருகிறார்கள். அது பாலுக்கான போராட்டம் மட்டும் அல்ல. விதைப்பு மாதங்களில் மாட்டுக்குப் போக்கிடம் இல்லையென்றால் விற்றுத் தீர்ப்பதைத் தவிர வழியில்லை. பிறகு அரிதாளைத் தின்று எருவாக்க வயலில் மாடு இராது.

கொழும்புக்கு வரும் அரிசியிலும் மரக்கறியிலும் இதே நைதரசனும் பொசுபரசும் இருக்கின்றன. வந்தவை வயலுக்குத் திரும்புவது மிகக் குறைவு. ஹோட்டல் மிச்சத்தில் கொஞ்சம் பன்றிப் பண்ணைகளுக்குப் போகிறது. பெரும்பகுதி குப்பை மேட்டில் அழுகி, மாட்டு வயிற்றில் இருப்பவற்றைப் போன்ற ஆர்க்கியா நுண்ணங்கிகளால் மெதேனாகிறது. 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த மீதொட்டமுல்லை மேட்டிலும் நம் வீட்டுச் சோறும் மரக்கறித் தோலும் கலந்துதான் கிடந்தன.