டைனோசர் செத்து பெட்ரோல் ஆகவில்லை

கச்சா எண்ணெய் என்றதும் பூமிக்கடியில் ஏதோ கறுப்பு ஏரி தேங்கிக் கிடப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். டைனோசர் மட்கி எண்ணெய் ஆனது என்பது இன்னொரு கதை. இரண்டுமே சரியில்லை.

சவூதி அரேபியாவில் 1948-ல் கண்டுபிடித்த கவார் எண்ணெய் வயலைப் பாருங்கள். சுமார் 280 கிலோமீட்டர் நீளம், உலகிலேயே பெரியது. ஆனால் ஏரி கிடையாது, குளமும் கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில்தான் அத்தனை எண்ணெயும் இருக்கிறது.

ஜுராசிக் காலத்தில் அங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. டைனோசர்கள் அப்போது கரையில் திரிந்தது உண்மைதான், ஆனால் மூலப்பொருள் அவை இல்லை. கடலில் மிதந்த பாசிகளும் நுண்ணுயிர்களும்தான். செத்து அடியில் விழுந்தவற்றைப் பாக்டீரியா வழக்கமாகத் தின்று தீர்த்துவிடும். அடிநீரில் ஆக்சிஜன் போதாத இடங்களில் அது நடக்கவில்லை. அரைகுறையாய் மட்கியவை சேற்றோடு சேர்ந்து புதைந்தன. மேலே படிவுகள் ஏற ஏற, கெரோஜன் என்ற திடப்பொருளாக மாறின.

அப்புறம் எல்லாம் சூட்டைப் பொறுத்தது, அதிரசப் பாகு மாதிரி. 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை கெரோஜன் உடைந்து எண்ணெய் ஆகும். அதற்குக் கீழே கெரோஜனாகவே கிடக்கும். 150-ஐத் தாண்டினால் பெரும்பாலும் எரிவாயுதான் மிஞ்சும்.

பிறந்த எண்ணெய் முழுவதும் பிறந்த பாறையிலேயே தங்காது. நீரைவிட லேசு என்பதால் துளைகள் வழியே மேலேறும். தடுக்க ஆளில்லாவிட்டால் தரைக்கு வந்து வீணாகிவிடும். உலகில் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கிறது. கவாரில் கடல்நீர் வற்றிப் படிந்த அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்கு, மேல்நோக்கி வளைந்த பாறையை மூடிக்கொண்டு நின்றது. எண்ணெய் அங்கே சிக்கிக்கொண்டது.

உயிரிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? பூமியின் ஆழத்தில் இரும்புக் கார்பைடும் நீரும் வினைபுரிந்து, உயிரின் பங்கே இல்லாமல் எண்ணெய் உருவாகிறது என்று தனிம அட்டவணை தந்த மெண்டலீவே சொல்லியிருந்தார். ஆனால் 1930-களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ், கச்சா எண்ணெயில் போர்ஃபைரின் மூலக்கூறுகளைக் கண்டார். இலைப்பச்சையத்தின் அதே வளையம். நடுவில் மக்னீசியத்துக்குப் பதில் வனேடியம். கடும் சூட்டில் இந்த மூலக்கூறு தாங்காது என்பதால், கடும் சூடான ஆழத்திலிருந்து எண்ணெய் வந்திருக்கவும் முடியாது.

கிணறு தோண்டினாலும் முழுசாகக் கிடைப்பதில்லை. பாறைத் துளைகளில் ஒட்டியது எளிதில் விடாது. கவாரில் வளைகுடாக் கடல்நீரைக் குழாயில் கொண்டுவந்து, வயலின் ஓரங்களில் உள்ளே செலுத்தி, எண்ணெயை நடுவிலுள்ள கிணறுகளை நோக்கித் தள்ளுகிறார்கள்.